கடைசி வாய்

கடையில் அவளைக் காஜா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பட்டன் நுழைவதற்குத் துளை வெட்டி, அது பிரிந்துபோகாமல் சுற்றிலும் நூலால் கட்டுவதற்குப் பெயர் காஜா எடுப்பது. அவள் எடுத்த காஜாவில் பட்டன் நுழையும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நுழைந்துவிட்டால் லேசில் வெளியே வராது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடைக்கு வேறென்ன வேண்டும்? பையன்கள் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்து இழுத்துச் சண்டை போடுவார்கள். காலர் கிழியும், பை கிழியும், அவள் எடுத்த காஜா மட்டும் அசையாது.

மாஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் கடைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதுவரை அண்ணன் வீட்டில் இருந்தாள். 'இருந்தாள்' என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்த வீட்டில் முதலில் எழுந்திருப்பதும் அவள்தான், கடைசியில் படுப்பதும் அவள்தான். இரண்டுக்கும் நடுவே அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைத்து, மிச்ச நேரத்தில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். கண் சொருகும்போது ஒரு காபி, பசிக்கும்போது ஒரு காபி, மனசு சரியில்லை என்றால் இன்னொரு காபி. வேறு எதைக் கேட்டாலும் அண்ணிக்கு மூக்கின் மேல் கோபம் வரும். காபிக்கு மட்டும் வராது. குடித்தால்தானே அடுத்த மூட்டை முடியும்!

மாஸ்டர் நல்ல மனுஷன். கையில் கத்தரிக்கோல் இருக்கும்வரை வீராதிவீரர். அதைக் கீழே வைத்துவிட்டால் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. முதல் மனைவி காய்ச்சலில் போனபோது மகளுக்கு நாலு வயது. காஜாவைப் பெண் பார்க்க வந்த அன்றே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"என் பொண்ணு சட்டுன்னு யார்கிட்டயும் ஒட்ட மாட்டா. கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"அதுக்கென்ன, பொறுத்துக்கறேன்" என்றாள் காஜா. இந்த உலகத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஆனால் குழந்தை விஷயத்தில் அவள் பொறுமைக்கே வேலை வைத்துவிட்டது அந்தக் குட்டி. வயது ஏழு. பெயர், கடை வழக்கப்படி, பாபின். மிஷினுக்கு அடியில் நூல் சுற்றிக்கொண்டு கிறுகிறுவென்று ஓடுமே, அந்தச் சின்ன உருளை. இவளும் அப்படித்தான், நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுவாள். காஜாவிடம் மட்டும் பேச்சு தபால் மாதிரி வரும். "அப்பா சாப்பாடு ஆச்சான்னு கேக்கச் சொன்னாங்க." அவ்வளவுதான். சித்தி என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. தலை வாரிவிட வேண்டுமென்றால் சீப்போடு வந்து எதிரே நிற்பாள். காஜா நிமிர்ந்து பார்க்கும்வரை அப்படியே நிற்பாள். பார்த்ததும் திரும்பி முதுகைக் காட்டிவிடுவாள். பின்னல் முடிந்த மறு நிமிடம் ஆள் இருக்க மாட்டாள்.

காஜாவுக்கு இது வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? தாயைப் பறிகொடுத்த பிள்ளை. இவள் வந்து நுழைந்தவள். ஆனாலும் அந்தச் சின்னத் தலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் தோளில் சாயாதா என்று ஆசையாக இருந்தது. பின்னல் போடும்போது வேண்டுமென்றே ஒரு சுற்றைப் பிரித்து மறுபடியும் போடுவாள், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று.

கடை தெருவைப் பார்த்து இருக்கிறது. வீடு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு கதவு. கடையின் மத்தியில் துணி வெட்டுகிற நீள மேஜை. அதன்மேல் எப்போதும் வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்திருக்கும். வெளிச்சத்துக்காக மிஷின்களை ஜன்னலோரம் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற மிஷினில் ஓவர்லாக் அக்கா, மூலையில் ஆவி பறக்கும் பெட்டியோடு இஸ்திரி மாமா, கதவுப் பக்கம் காஜா. பேச்சு மட்டும் தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. மாஸ்டர் வாழ்க்கையில் போட்ட ஒரே சட்டம் அதுதான். முன்பொரு முறை, வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைத் துணிமேல் யாரோ பாதி காபியோடு வைத்த கப் சரிந்து, ஒரு வகுப்புக்கான சட்டைகள் மொத்தமும் பழுப்பாகிப்போயின. அன்றிலிருந்து குடித்த கப் ஒரு நிமிடம்கூடக் கடையில் இருக்கக் கூடாது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கப்புகளை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் போடுகிற பொறுப்பு பாபினுக்கு. சனிக்கிழமைகளில் காலையிலும் உண்டு. பதவி என்றால் அப்படி ஒரு பதவி! புத்தகப் பையை வீசிவிட்டு ஓடி வந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, "முடிச்சாச்சா?" என்று அதிகாரமாகக் கேட்பாள்.

அந்தக் கேள்வியில் கரையாத ஆள் கிடையாது. தாயில்லாப் பிள்ளை, இத்தனூண்டு கை, இத்தனை பெரிய அதிகாரம். இஸ்திரி மாமா அடியில் ஒரு வாய் விட்டுவைப்பார். சர்க்கரையெல்லாம் அடியில்தானே தங்கும்! "இந்தா, உன் கூலி" என்று கண்ணடிப்பார். ஓவர்லாக் அக்காவும் மிஷினை நிறுத்தாமலே கப்பை நீட்டுவாள், அதிலும் ஒரு வாய் இருக்கும். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. அதுதான் சொன்னேனே, எல்லோரும் சுவரைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்.

காஜாவுக்கு அந்த யோகம் வந்தது கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்துத்தான். ஒரு நாள் அவசரச் சட்டை ஒன்றில் மூழ்கியிருந்தாள். காபி பாதியிலேயே ஆறிக்கிடந்தது. பாபின் வந்து நின்றாள். கப்பைப் பார்த்தாள். காஜாவைப் பார்த்தாள். மறுபடியும் கப்பைப் பார்த்தாள்.

"வேணுமா?" என்றாள் காஜா.

பாபின் தலையை ஆட்டினாள். நின்றபடியே குடித்தாள். மேலுதட்டில் பழுப்பாய் ஒரு மீசை. பிறகு, கேட்காமலே, பக்கத்திலிருந்த நூல்கண்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பல் விழுந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

காஜாவுக்கு ஊசி ஓடவில்லை. பல் விழுந்த கதையை மனப்பாடம் செய்வதுபோல் கேட்டாள். மறுநாளிலிருந்து பாதிக் கப் பாபினுக்கு என்று ஆயிற்று. தன் கப்பில் மட்டும் சர்க்கரையைக் கலக்காமல் விட்டாள், அடியில் தித்திப்பாக இருக்கட்டும் என்று. குழந்தை குடித்து முடிக்கும்வரைதான் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருப்பாள் என்பது போகப்போகத் தெரிந்தது. அதனால் பாதி, முக்கால் ஆயிற்று. நாள் முழுக்க அவள் காத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் பாபினுக்கு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. படுத்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தாள். காலையில் எழுப்பினால் எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். எழுத்து கோணல்மாணலாகிறது, வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு நாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, உள்ள மிஷின் ஓடுது" என்றாள். மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது.

எல்லாவற்றையும்விட விசித்திரம் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி. ஞாயிறு கடை லீவு; மாஸ்டர் மகளைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பாலும் பழமுமாக ராஜ உபசாரம். ஆனால் பொழுது சாய்வதற்குள் குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் கடையில் பார்த்தால் சிரித்துக்கொண்டு ஓடும்.

"வீட்ல அவ என்ன பண்றாளோ, பிள்ளை இங்க வந்துதான் வாடிப்போயிருக்கறது தெரியுது" என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். சுற்றி வளைத்து அது காஜாவின் காதுக்கும் வந்தது. கடைக்கு வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போதே ஜாடையாகக் கேட்டார்கள், சித்தி வந்ததிலிருந்துதானே பிள்ளைக்குத் தூக்கமில்லை என்று. காஜா பட்டனைத் தைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பானேன். அத்தை வீட்டில் தலைவலி. என் பக்கத்தில் சிரிப்பு. யாரிடம் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று இதிலேயே தெரியவில்லையா? அப்படித்தான் அந்த அப்பாவி நினைத்தாள்.

கடைசியில் டாக்டரிடம் போனார்கள். தெருக்கோடி கிளினிக்கில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா. மேஜைமேல் அவருடைய காபியும் ஒன்று மூடி போட்டு இருந்தது. பாபினின் நாடியைப் பிடித்தார், நெஞ்சைக் கேட்டார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்த்தார்.

"காபி, டீ ஏதாவது குடிப்பாளா?"

"சேச்சே!" மாஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க வீட்ல குழந்தைக்கெல்லாம் காபி குடுக்கறதில்லீங்க. காலைல பால், ராத்திரி பால்."

காஜா குழந்தையைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கும் அந்தப் பெட்டியில் வந்து உட்காருவாள். குழந்தையின் விரல்கள் இன்னும் நீட்டியபடியே நடுங்கிக்கொண்டிருந்தன.

"நான் குடுப்பேன்" என்றாள். "கடைசி வாய்." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "வாய் இல்ல. முக்கால் கப்பு."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் பாபின் முந்திக்கொண்டாள். தன் சாம்ராஜ்யத்தைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் விடுவாளா?

"இஸ்திரி மாமா தருவாரு, ஓவர்லாக் அக்கா தருவாங்க. எனக்கு எல்லாரும் தருவாங்களே! அப்பா கப்புலயும் இருக்கும்."

மாஸ்டர் அசடு வழிந்தார். "அது... ஒரு வாய்தாங்க டாக்டர். ஆசையாப் பாக்குமா, அதான்..."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காபி ஒண்ணும் விஷமில்ல. நானே குடிக்கறவதான். நல்லா இருக்கற பெரியவங்க ஒரு நாளைக்கு மூணு நாலு கப் அளவா குடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. அதுவே உங்களுக்குப் படபடன்னு வந்தா அதுக்கும் கீழ குறைச்சுக்கணும். ஆனா இவளப் பாருங்க, எத்தனூண்டு இருக்கா! நமக்கு ஒரு கப் என்ன செய்யுமோ, இவளுக்கு ரெண்டு வாயே அதைச் செய்யும். இந்த வயசுக்கு காபியே வேணாம். டீயும்தான், கோலாவும்தான். டின்னுல எனர்ஜி டிரிங்க்னு விக்கறாங்களே, அதப் பிள்ளைங்க கண்ணுலயே காட்டாதீங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம தலைவலி?" என்றார் மாஸ்டர்.

"தினம் கிடைக்கறது அன்னிக்குக் கிடைக்கல. உடம்பு கேட்டு அழுவுது. சாயங்காலம் குடிக்கற காபில பாதி, இவ படுக்கும்போதும் உடம்புலயேதான் இருக்கும். அப்புறம் எங்க தூங்கறது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிறுத்தினா சில நாள் தலை வலிக்கும். அழுவா, அடம்பிடிப்பா. மனசு கேக்கலன்னு குடுத்துடாதீங்க. நெஞ்சு படபடப்பு அடங்கலன்னா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க."

மாஸ்டர் மகளை எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதும் காஜா எழுந்திருக்கவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"டாக்டர், எனக்கு மூணாவது மாசம்."

"நீங்க எவ்வளவு குடிப்பீங்க?"

காஜா யோசித்தாள். இதுவரை அதை யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. "ஆறு... ஏழு இருக்கும்."

"ரெண்டு" என்றார் டாக்டரம்மா. "சின்ன கப்பா ரெண்டு, ரொம்ப திக்கா வேணாம். டீ குடிச்சா அதுவும் கணக்குல சேரும். சட்டுனு நிறுத்த முடியலன்னா நாலு நாள்ல படிப்படியா இறங்குங்க. உங்களப் பாக்கற டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. இதுவரைக்கும் குடிச்சத நினைச்சு மனசப் போட்டு வதைச்சுக்காதீங்க."

மனசைப் போட்டு வதைக்காமல் எப்படி இருப்பது? வீடு திரும்புகிற வழியெல்லாம் அவள் அதைத்தான் செய்தாள். பிள்ளையைக் கெடுத்தது அத்தை வீட்டு உபசாரமுமில்லை, யார் கண்ணுமில்லை. தன் கையால், தித்திப்பாக, தானே.

மறுநாள் காபி வேளைக்கு, பாபின் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே, மாஸ்டர் எல்லோரையும் மேஜையைச் சுற்றிக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் இஸ்திரி மாமா துள்ளினார்.

"நான் ஒரு வாய்தான்யா வச்சேன்!"

"நானும் ஒரு வாய்தான்" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"நானும்" என்றார் மாஸ்டர், சுரத்தில்லாமல்.

காஜா ஒரு காலிக் கப்பை மேஜையில் வைத்தாள். வெள்ளைத் துணிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். மாஸ்டர்கூடச் சட்டம் பேசவில்லை. "தினம் எவ்வளவு விடுவீங்களோ, அவ்வளவு ஊத்துங்க" என்றாள். ஊற்றினார்கள். கடைசியில் அவள் தன்னுடையதை ஊற்றினாள். கப் நிறைந்து, விளிம்பைத் தாண்டி வழிந்தது. அத்தனை பேரும் ஆளுக்கொரு வாய் அன்பைத்தான் ஊற்றியிருந்தார்கள். இஸ்திரி மாமா மூலைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு ஆவி பட்டுவிட்டது என்றார். பெட்டி அப்போது அணைந்துகிடந்தது.

அன்றிலிருந்து அவரவர் கப்பை அவரவர் ஒட்டக் குடித்து, அவரவரே கழுவ வேண்டும் என்று ஏற்பாடு. பாபினின் பதவி பறிபோயிற்று. சாயங்காலம் வந்து பார்த்தாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்றாள். இஸ்திரி மாமாவுக்கு முடியாது என்று சொல்லத் தைரியமில்லை. பெட்டியை அழுத்தி ஆவியைப் பறக்கவிட்டு அதற்குள் ஒளிந்துகொண்டார். ஓவர்லாக் அக்கா மிஷினை வேகமாக ஓட்டிக் காது கேட்காததுபோல் இருந்தாள். எல்லோரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் குழந்தை காஜாவிடம் வந்து நின்றாள்.

"இனிமே கிடையாதும்மா" என்றாள் காஜா. சொல்லியாக வேண்டியவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

"நீங்கதான் டாக்டர்கிட்ட சொன்னீங்க" என்றாள் பாபின். "காட்டிக்குடுத்துட்டீங்க."

அதோடு பேச்சு நின்றது. தபால் பேச்சுகூட நின்றது. தலை வாரிக்கொள்ள ஓவர்லாக் அக்காவிடம் போனாள். மறுநாளே தலைவலி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு உள்ளறையில் படுக்க வைத்தார்கள். காஜா ஈரத்துணி வைத்தாள், பாபின் எடுத்து எறிந்தாள். நெற்றியைப் பிடித்துவிடப் போனாள், கையைத் தட்டிவிட்டாள். மாஸ்டர் கதவோரம் நின்று கையைப் பிசைந்தார். "கொஞ்சமா... ஒரு ஸ்பூன் குடுத்துப் பாத்தா..." என்று ஆரம்பித்தார். காஜா பார்த்த பார்வையில் வாலைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவள் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகல் அவள் தன் பங்குக் காபியோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்க் குடித்திருக்கலாம். குழந்தையைத் தனியே விட மனமில்லை. புத்தி அங்கேதான் பிசகியது. வாசனைக்குப் பாபின் கண் விழித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, கெஞ்சலான குரலில், பெரிய மனுஷி மாதிரி பேரம் பேசினாள்.

"ஒரே ஒரு வாய். குடுத்தா உங்களோட பேசுவேன். நெசமா. ராத்திரி உங்க பக்கத்துலயே படுத்துக்குவேன்."

காஜா கப்பைப் பார்த்தாள். ஒரு வாய். ஒரே ஒரு வாய். என்ன ஆகிவிடும்? அந்தச் சின்ன உடம்பு தன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள்! இதோ, கேட்காமலே கிடைக்கிறது. கப்பைக் கொஞ்சம் நீட்டினால் போதும். அண்ணன் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் பெரியவர்களாகி ஒருநாள் திரும்பிப் பார்த்ததுண்டா? இல்லையென்று சொல்கிற உரிமை அங்கே அவளுக்கு இருந்ததில்லை. இங்கே இருக்கிறதா என்றும் அவளுக்குத் தெரியாது.

எழுந்து போய் ஜன்னல் வழியாகக் காபியை வெளியே கொட்டினாள்.

"மாட்டேன்டா கண்ணு" என்றாள். "பேசலன்னாலும் பரவால்ல."

"நீங்க எனக்கு யாருமே இல்ல!" என்று கத்திவிட்டுக் குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.

காஜா போகவில்லை. காலி கப்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

வாரம் திரும்புவதற்குள் பாபினின் தலைவலி போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் வெட்டுத்துணிக் குவியல்மேல் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்; வாயைப் பிளந்துகொண்டு, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, உலகத்தையே மறந்துவிட்டவள்போல் ஒரு தூக்கம். கடையே மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. எழுத்து நேராயிற்று. காலையில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பது நின்றது. மாஸ்டரின் அக்கா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை தலைவலி வரவில்லை. "என் கை பட்டதும் சரியாப்போச்சு பாத்தியா" என்று அக்கா பெருமை அடித்துக்கொண்டாள். போகட்டும், யாருக்குப் பேர் வந்தால் என்ன. ஆனால் காஜாவோடு பேச்சு மட்டும் இல்லை. நூல்கண்டுப் பெட்டி காலியாகவே கிடந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. சீருடைக் கடைக்கு அது போர்க்காலம். வேலை கழுத்துவரை இருந்தது. காஜாவுக்குக் கால் வீங்கியது, இடுப்பு கடுத்தது, கண் சொருகியது. இரண்டு கப் என்று டாக்டரம்மா சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் பழைய பழக்கம் விடுமா? யாரும் பார்க்காதபோது பிளாஸ்கிலிருந்து மூன்றாவது ஒன்றை ஊற்றிக்கொள்வாள். பிள்ளைக்கு அத்தனை கறாராக இருந்தவள்தான். தனக்கென்று வரும்போது கறாராக இருக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஓவர்லாக் அக்கா பாபினிடம் விஷயத்தை உடைத்துவிட்டாள். பாபின் ஒரு நாள் முழுக்க யோசனையாகவே இருந்தாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"வயித்துல இருக்கற பாப்பாவுக்கு யார் காபி குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்கடா. அவ குடிக்கறதுதான் உள்ளயும் போகும்" என்றார் மாஸ்டர், துணியை வெட்டிக்கொண்டே. "அதான் ரெண்டு கப்புக்கு மேல வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

அன்று பிற்பகல் காஜா மூன்றாவது கப்பை ஊற்றி, குவிந்திருந்த சட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடித்திருக்க மாட்டாள். நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். பாபின் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

"இது எத்தனாவது?"

எத்தனை நாளாயிற்று அந்தக் குரல் தன்னை நோக்கி வந்து!

"ரெண்டாவது."

"பொய். காலைல ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

மிஷின் சத்தம் நின்றது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகெல்லாம் மெல்லத் திரும்பின. பாபின் கையை நீட்டி அவள் விரல்களுக்குள்ளிருந்து கப்பைப் பிடுங்கினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போனாள். அதிலிருந்து எழுந்த வாசனைக்கு மூக்கு ஒரு தடவை விரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டுகிற சத்தம் கடைவரைக்கும் கேட்டது.

காஜா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ பிடுங்கியிருக்கிறார்கள். தூக்கத்தை, வயதை, நல்ல புடவையை, சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன் இருக்கும் நேரத்தை. அவளுக்கு ஆகாது என்பதற்காக ஒன்றைப் பிடுங்கியவர்கள் இதுவரை யாருமில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, கடையே பார்க்க, விக்கி விக்கி அழுதாள்.

திரும்பி வந்த பாபின் பயந்துவிட்டாள். காபி போனதற்குத்தான் இந்த அழுகை என்று அவளுக்குத் தோன்றியது. வேறென்ன தோன்றும்? அந்த அழுகையை அவளுக்குத் தெரியுமே. ஓடி வந்து, மடியில் கிடந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அழாத சித்தி" என்றாள். "மொதல்ல ரெண்டு மூணு நாள் தலை வலிக்கும். அப்புறம் போயிடும். நான் புடிச்சு விடறேன், இரு."

நூல்கண்டுப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தன் சின்னக் கைகளால் காஜாவின் நெற்றியைப் பிடித்து அழுத்த ஆரம்பித்தாள். காஜாவுக்குத் தலைவலியே இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை.